கடலுக்குப் போன மண் நாய்

சென்ற வாரம் கப்பல் பூனைகளின் கதையைச் சொல்லும்போது, மத்தியதரைக் கடல் வர்த்தகர்களின் பழைய சட்டத் தொகுப்பு ஒன்றில், ஏற்றிய சரக்கை எலி கடித்து நஷ்டம் உண்டாகி, அந்தக் கப்பலில் பூனையும் இல்லாமல் இருக்குமானால், நஷ்டத்தைக் கப்பல்காரனே கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்று ஒரு விதி இருந்ததைக் குறிப்பிட்டிருந்தேன். பத்தாயத்தில் எலி புகுந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த விதியின் நியாயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. பூனைக்குச் சட்டத்திலேயே இடம் கொடுத்த கடல், நாய்க்கு என்ன இடம் கொடுத்தது? சட்டத்தில் ஒன்றும் கொடுக்கவில்லை. நாய், அழைப்புக்குக் காத்திராத விருந்தாளியைப் போல, மனிதனுடைய காலோடு ஒட்டிக்கொண்டு தானாகவே கப்பலில் ஏறிவிட்டது.

அப்படி ஏறிய நாய்களில் பெரிய ஜாதிகளும் உண்டு. அலையில் விழுந்தவனை இழுத்துக் கரை சேர்க்கும் வல்லமை படைத்த நியூபவுண்ட்லாந்து நாய்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இந்த வாரம் நான் எடுத்துக்கொண்டிருப்பது, முழங்கால் உயரம்கூட இல்லாமல், ஓயாமல் குரைத்துக்கொண்டு, எதையாவது முகர்ந்துகொண்டு, வேலையுமில்லை நிற்க நேரமுமில்லை என்று நம்மவர் சொல்லும் சொல்லுக்கு உதாரண புருஷனாகத் திரிகிற டெரியர் என்னும் சிறு ஜாதியை. டெரியர் என்ற பெயரே வேடிக்கையானது. லத்தீன் பாஷையில் 'டெர்ரா' என்றால் பூமி, மண். நரியும் பேட்ஜர் என்னும் வளைவாழ் பிராணியும் மண்ணுக்குள் பதுங்கினால், பின்னாலேயே வளைக்குள் நுழைந்து, இருட்டில் அவற்றோடு மல்லுக்கட்டி வெளியே விரட்டுவது இந்த ஜாதியின் குலத்தொழில். இங்கிலாந்தில் மூன்று அரசர்களுக்கு வைத்தியராக இருந்த ஜான் கேயஸ் என்னும் பண்டிதர், பிரிட்டிஷ் நாய்களைப் பற்றி 1570-ல் லத்தீனில் வெளியிட்ட சிறு நூலில், இந்த ஜாதியை 'டெர்ராரியஸ்' என்று வகைப்படுத்தி, மண்ணுக்குள் புகும் சுபாவத்தையே அதன் லக்ஷணமாகக் கூறியிருக்கிறார்.

மண்ணுக்கென்றே பிறந்து, மண்ணின் பெயரையே சுமக்கும் ஒரு ஜந்துவுக்குச் சமுத்திரத்தில் என்ன வேலை? பழைய மரக்கப்பல் ஒன்றின் கீழ்த்தளங்களை மனக்கண்ணில் பார்த்தால் விடை கிடைத்துவிடும். மேலே பாயும் காற்றும் வெளிச்சமும் இருக்கலாம். கீழே இறங்கினால், நிமிர்ந்து நிற்க இடமில்லாத தாழ்ந்த கூரை, வரிசையாக அடுக்கிய பீப்பாய்கள், அவற்றின் நடுவே ஒரு கை நுழையும் சந்துகள், நாற்றம், கும்மிருட்டு. டியூடர் அரசர் காலத்துக் கப்பல் சிப்பாய்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு பிஸ்கோத்தும் ஒரு காலன் பீரும், அவற்றோடு உப்புக்கண்டமும் மீனும் படியாக அளக்கப்பட்டன என்றால், நூற்றுக்கணக்கான பேருக்கு வாரக்கணக்கில் எவ்வளவு பண்டம் அந்த இருட்டில் குவிந்து கிடந்திருக்கும், அதைத் தேடி எத்தனை எலி வந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். எலி பிஸ்கோத்தோடு நிற்பதில்லை; கயிற்றைக் கடிக்கும், பாயைக் கடிக்கும், தோலைக் கடிக்கும். ஆகவே கப்பலின் வயிறு என்பது, டெரியரின் கண்ணுக்கு, மிதக்கும் ஒரு பெரிய வளையே தவிர வேறல்ல. சமுத்திரத்துக்குப் போனதாக நாம் நினைக்கிறோம். அது தன்னுடைய பழைய தொழிலுக்குத்தான் போனது.

இப்படிப்பட்ட ஒரு நாய் நமக்குச் சரித்திர பூர்வமாகவே கிடைத்திருக்கிறது. இங்கிலாந்தின் தென்கரையில், போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கும் வைட் தீவுக்கும் நடுவே சோலென்ட் என்றொரு ஜலசந்தி இருக்கிறது. 1545-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி, இருநூறுக்கு மேற்பட்ட கப்பல்களோடு பிரெஞ்சுக் கடற்படை அந்த ஜலசந்தியின் வாசலில் நின்றிருந்தது. எட்டாம் ஹென்றி மன்னர் கரையிலிருந்த சவுத்ஸீ கோட்டையில் நின்று யுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பட்டத்துக்கு வந்த புதிதில் கட்டுவித்து, 34 வருஷம் அவருக்கு உழைத்த 'மேரி ரோஸ்' என்ற கப்பல், ஒரு பக்கத்துப் பீரங்கிகளைச் சுட்டுவிட்டு, மறுபக்கத்துப் பீரங்கிகளைப் பகைவனுக்கு நேரே கொண்டுவருவதற்காகத் திரும்பியபோது, திடீரென்று ஒரு காற்று அடித்தது. கப்பல் சாய்ந்தது. சுடுவதற்காகத் திறந்து வைத்திருந்த பீரங்கி வாசல்கள் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே போயின. அவ்வளவுதான், கடல் அந்த வாசல்கள் வழியே உள்ளே வந்துவிட்டது. பகைவர் தாவி ஏறாதபடி மேல்தளத்தின்மேல் இறுக்கிக் கட்டியிருந்த வலையே, உள்ளே இருந்தவர்களுக்கு எமனாக முடிந்தது. மறு வருஷம் மன்னரிடம் ஸமர்ப்பிக்கப்பட்ட கப்பல் பட்டியலில் மேரி ரோஸுக்கு 200 மாலுமிகள், 185 சிப்பாய்கள், 30 பீரங்கிக்காரர்கள் என்று கணக்கு எழுதியிருக்கிறது. அன்று பிழைத்தவர்கள் 35 பேருக்கும் குறைவு. உப தளபதியாக இருந்த ஸர் ஜார்ஜ் கேரூவும் மூழ்கிப்போனார். அவருடைய பெயர் சரித்திரத்தில் நின்றது. பட்டியலில் கப்பல் தச்சனுடைய பெயர் இல்லை. நாயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பெயர் எழுதாத சரித்திரத்துக்குப் பதிலாகச் சேறு எழுதி வைத்தது. வலப்பக்கம் கீழாகச் சாய்ந்து விழுந்த அந்தக் கப்பலின் மேலே தெரிந்த பாதியைப் புழுவும் நீரோட்டமும் தின்று தீர்த்துவிட்டன. கீழே அகப்பட்ட பாதியையோ, மெல்லிய வண்டல் மூடி, காற்றுப் புகாமல் அடைத்து, யாரோ பத்திரமாகச் சுருட்டி வைத்ததைப் போலக் காத்துவந்தது. 1836-ல் செம்படவர்களின் வலை சிக்கியதால் டீன் சகோதரர்கள் என்னும் முக்குளிப்போர் இறங்கிப் பார்த்துச் சில பீரங்கிகளை எடுத்தார்கள், பிறகு மறதி. 1965-ல் அலெக்ஸாண்டர் மக்கீ என்பவர் மறுபடியும் தேடத் தொடங்கி, 1971-ல் மரங்களைக் கண்டார். மார்கரெட் ரூல் என்ற அம்மையாரின் தலைமையில், ஐந்நூறுக்கும் மேற்பட்ட முக்குளிப்போர், எதிரே நீட்டிய கை தெரியாத கலங்கலில் பல்லாயிரம் தடவை இறங்கி, தூரிகையால் துடைப்பதுபோல் வண்டலை விலக்கி விலக்கி, சுமார் 19,000 பொருள்களை வெளியே கொண்டுவந்தார்கள். அவற்றில் நெடுவில்கள் மட்டும் நூற்றுக்கு மேல், அம்புகளோ ஆயிரக்கணக்கில். பீரங்கிகளைப் பற்றியும் வில்லாளிகளின் தோள் எலும்புகளைப் பற்றியும் அறிஞர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு அந்தக் கப்பலில் மிகவும் பிடித்த இடம், பிரதான தளத்தில் இருந்த தச்சனின் அறைதான்.

நெருங்கிப் பார்த்தால் அது நம்மூர் ஆசாரியின் பட்டறையை அப்படியே ஞாபகப்படுத்துகிறது. இழைப்புளி இருக்கிறது; கொட்டாப்புளி இருக்கிறது; துளை போடும் துறப்பணத்தின் கைப்பிடி, சாணைக்கல், அளவுகோல் எல்லாம் இருக்கின்றன. இரும்பெல்லாம் உப்பு நீரில் கரைந்துவிட்டபடியால், அலகு இல்லாத கைப்பிடிகளாகவே பல கருவிகள் கிடைத்தன; கையின் அழுத்தத்தால் தேய்ந்த வழவழப்பு மட்டும் மரத்தில் அப்படியே இருக்கிறது. இவற்றுக்கு நடுவே, மடித்து மூடும்படியாக, வேறு வேறு நிற மரத்தை இழைத்துப் பதித்த ஒரு பகடைப் பலகையும் கிடைத்தது. இன்று 'பேக்கமன்' என்கிற ஆட்டத்தின் பலகை, நம்முடைய தாயக்கட்டத்துக்கு எப்படியோ ஒருவகையில் உறவு. உத்தியோகம் முடிந்தபின் அந்தத் தச்சன் யாருடன் உட்கார்ந்து காய் நகர்த்தினான் என்பது தெரியாது. அப்போது அவன் காலடியில் யார் படுத்திருந்திருக்கக்கூடும் என்பது மட்டும் ஏறக்குறையத் தெரியும். ஏனென்றால், அந்த அறையின் தள்ளு கதவருகே, ஒரு சிறிய நாயின் எலும்புக்கூடு, அநேகமாக ஒரு சிறு எலும்பும் குறையாமல், கிடந்தது.

எலும்பைப் படிக்கத் தெரிந்தவர்கள் அதைப் படித்துப் பார்த்தார்கள். வயது ஒன்றரையிலிருந்து இரண்டுக்குள். அதாவது, பிராயம் வந்து முழுசாக ஒரு வருஷம்கூட ஆகியிராத நாய். எலும்பின் அமைப்பைக்கொண்டு, தன் ஆயுளில் பெரும்பகுதியைக் கப்பலின் குறுகிய இடங்களுக்குள்ளேயே கழித்திருக்க வேண்டும் என்றும், அது நடந்த நெடிய நடை போர்ட்ஸ்மத் துறைமுகக் கரையில் நடந்ததாகவே இருக்கலாம் என்றும் அவர்கள் கருதினார்கள். எலி பிடிப்பதே அதன் உத்தியோகம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கப்பலில் எலிகளின் எலும்புகள் அரைகுறையாகவே அகப்பட்டதைக் காட்டி, வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது என்று வேடிக்கையாகச் சொன்னவர்களும் உண்டு. அது தச்சனுடைய நாய்தானா, பொதுவான கப்பல் நாயா என்று கேட்டால், எலும்பு அதற்குப் பதில் சொல்லாது. ஆனால் கப்பலில் எல்லா மூலைகளுக்கும் போகிறவன் தச்சன் ஒருவனே. எங்கே ஒழுகுகிறது, எந்தப் பலகை இற்றுப்போயிற்று என்று பார்ப்பதற்காக, விளக்கை எடுத்துக்கொண்டு, யாரும் எட்டிப்பார்க்காத அடிவயிறு வரைக்கும் அவன் இறங்க வேண்டும். அப்படி இறங்குகிற மனிதனைப் பின்தொடர்வதைக் காட்டிலும் எலி நாய்க்கு வேறென்ன சுகம் வேண்டும்? அவர்களுடைய சிநேகம் அந்த இருட்டில்தான் உண்டாயிற்று என்பது என்னுடைய அபிப்பிராயம். அபிப்பிராயம்தான்; பிரமாணம் இல்லை.

ஆராய்ச்சியாளர்கள் அந்த நாய்க்கு 'ஹேட்ச்' என்று பெயர் வைத்தார்கள். கப்பலில் ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கோ அறைக்கோ போகும் சிறு திறப்புக்கு அந்தப் பெயர். கதவருகே கிடந்ததால் பொருத்தமே. முதலில் பெண் நாய் என்று எண்ணி, 2010-ல் பர்மிங்ஹாம் நகரில் நடந்த பிரசித்தமான கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் அந்த எலும்புக்கூட்டைக் கொண்டுபோய் வைத்தார்கள். சீவி முடித்து, பவுடர் பூசி, வம்சாவளிப் பத்திரத்தோடு வந்திருந்த நாய்களுக்கு நடுவே, நானூறு வருஷத்துக்கு மேல் ஜலவாசம் முடித்த இந்தச் சாமானிய நாய் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றிருக்கும் காட்சியை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வேறு ஏதோவும் வருகிறது. சில ஆண்டுகள் கழித்து மரபணுவைச் சோதித்தபோது, அது ஆண் நாய் என்றும், மேல்மயிர் பழுப்பு நிறம் என்றும், இன்றைய ஜாதிகளில் ஜாக் ரஸ்ஸல் டெரியருக்கே மிக நெருங்கிய உறவு என்றும் தெரியவந்தது. உடனே பத்திரிகைகள் 'எட்டாம் ஹென்றியின் கப்பலில் ஜாக் ரஸ்ஸல்' என்று எழுதத் தொடங்கின. இது கொஞ்சம் அதிகப்படி. டெவன் பிரதேசத்துப் பாதிரியாரான ஜான் ரஸ்ஸல் பிறந்ததே 1795-ல். ஆக்ஸ்போர்டில் படிக்கும்போது, 1819-ல், ஒரு பால்காரனிடம் 'டிரம்ப்' என்ற பெட்டை நாயை விலைக்கு வாங்கி, அதிலிருந்து அவர் வளர்த்த சந்ததிக்குத்தான் பிற்பாடு அவர் பெயர் வந்தது. பேரனுடைய பெயரைப் பாட்டனுக்குச் சூட்டுவது நம் வழக்கமல்ல.

படகில் போன டெரியர்களுக்குள் உலகப் புகழ் வாய்ந்தது எது என்று கேட்டால், வாசகர்களில் பலர் மாண்ட்மோரென்ஸி என்று சொல்லிவிடுவார்கள். ஜெரோம் கே. ஜெரோம் 1889-ல் வெளியிட்ட நகைச்சுவை நூலில், தேம்ஸ் நதியில் படகு வலித்துப் போகும் மூன்று சிநேகிதர்களோடு ஏறிக்கொண்டு, கொதிக்கும் கெண்டியோடுகூடச் சண்டைக்குப் போகும் அந்த பாக்ஸ் டெரியரை யார் மறப்பார்கள்? கதை சொல்பவரின் சிநேகிதர்கள் இருவரும் வாஸ்தவமான மனிதர்களின் சாயல். படகுப் பிரயாணமும் வாஸ்தவம். நாய் மட்டும் ஆசிரியருடைய கற்பனை. படகில் நாய் இல்லாவிட்டால் கதை நிறையாது என்று ஒரு ஹாஸ்ய ஆசிரியனுக்குத் தோன்றியது சாமானிய விஷயமல்ல. இன்றும் சொந்தப் பாய்ப்படகில் குடும்பமாகச் சுற்றுகிறவர்கள் சிறிய நாயையே விரும்புவதற்கு, கற்பனை சாராத காரணங்களும் இருக்கின்றன: அது படுக்க ஒரு கயிற்றுச் சுருளின் நடுவிடம் போதும், முதுகில் கைப்பிடி தைத்த மிதவைச் சட்டையை மாட்டிவிட்டால், தண்ணீரில் விழுந்ததை ஒரே கையால் பையைத் தூக்குவதுபோல் தூக்கிவிடலாம், முன்தளத்தில் ஒரு துண்டுப் பாயை விரித்து, கரை தென்படாத நாட்களில் காலைக் கடனை அதில் முடிக்கப் பழக்க வேண்டியது ஒன்றுதான் பெரும்பாடு.

நதியை விட்டு மறுபடியும் சமுத்திரத்துக்குப் போவோம். 1926 ஜனவரியில், வாஷிங்டன் நகரத் தெருவொன்றில் குளிரில் அலைந்துகொண்டிருந்த பாக்ஸ் டெரியர் ஒன்றைக் கண்டெடுத்த ஒரு பெண்மணி, வடதுருவத்துக்குப் புறப்பட ஆயத்தம் செய்துகொண்டிருந்த ரிச்சர்ட் பேர்ட் என்னும் அமெரிக்கக் கடற்படை அதிகாரிக்கு அதைக் கொடுத்துவிட்டார். எஸ்கிமோவர் கட்டும் பனிக்கட்டி வீட்டின் பெயரான 'இக்ளூ' என்பதே அதற்கும் பெயராயிற்று. அந்த ஏப்ரலில் 'சாண்டியர்' என்ற கப்பலில் பேர்டோடு ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்குப் போயிற்று. மே 9-ந் தேதி பேர்டும் பிளாய்ட் பென்னட்டும் ஆகாய விமானத்தில் வடதுருவத்தை நோக்கிப் பறந்தபோது நாய் கரையிலேயே நின்றுவிட்டது. அவர்கள் துருவத்தை உள்ளபடி எட்டினார்களா என்று இன்றைக்கும் தர்க்கம் நடக்கிறது. இக்ளூவைப் பொறுத்தவரை அப்படிப்பட்ட வழக்கு எதுவும் இல்லை.

1928-ல் பேர்ட் தென்துருவப் பிரதேசத்துக்குக் கிளம்பியபோதும் அது உடன் சென்றது. ராஸ் பனித்திட்டின்மேல் 'லிட்டில் அமெரிக்கா' என்ற முகாமை அமைத்து, 42 மனிதர்கள் சூரியனைக் காணாத நீண்ட குளிர்காலத்தைக் கழித்தார்கள். வீடுகளைப் பனி மூடிவிட்டபடியால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பனிக்கடியில் சுரங்கம் வெட்டி நடமாடினார்கள். மறுபடியும் வளை! வண்டி இழுக்கக் கொண்டுபோயிருந்த முரட்டு நாய்களுக்கு நடுவே, குட்டை மயிரும் மெல்லிய தோலும் படைத்த இந்த நகரவாசி, தைத்துப் போட்ட சட்டையோடு அந்தச் சுரங்கங்களில் உலாவியது. 1929 நவம்பரில் பேர்ட் தென்துருவத்தின்மேல் பறந்து திரும்பினார். 1930 ஜூனில் நியூயார்க் நகரம் அவர்களுக்கு ராஜோபசாரம் செய்தது. ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1931 ஏப்ரலில், பேர்ட் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்த சமயத்தில், இக்ளூ நோய்வாய்ப்பட்டு இறந்துபோயிற்று. இரண்டு துருவத்துக் குளிரையும் தாங்கிய உடம்பு, பாஸ்டன் நகரத்து வசந்த காலத்தில் வீழ்ந்தது. அருகிலிருந்த டெடம் என்ற ஊரில், வளர்ப்புப் பிராணிகளுக்கான மயானத்தில் புதைத்து, பனிமலை வடிவத்தில் ஒரு கல் நட்டு, சிநேகிதனுக்கும் மேற்பட்டவன் என்ற பொருளில் ஒரு வரியைப் பேர்ட் பொறிக்கச் செய்தார்.

இக்ளூ துருவப் பிரதேசங்களுக்குப் போயிற்றே தவிர, துருவப் புள்ளிகளில் கால் வைக்கவில்லை. அந்தக் குறையை ஐம்பது வருஷம் கழித்து இன்னொரு டெரியர் தீர்த்தது. ஸர் ரானல்ப் பைன்ஸும் அவர் மனைவி வர்ஜீனியாவும், துருவங்கள் வழியாகவே பூமியைச் சுற்றிவருவது என்று தீர்மானித்து, 1979 செப்டம்பர் 2-ந் தேதி லண்டனிலுள்ள கிரினிச்சிலிருந்து 'பெஞ்சமின் பௌரிங்' என்ற கப்பலில் புறப்பட்டார்கள். அவர்களுடைய ஜாக் ரஸ்ஸல் டெரியரின் பெயர் பாத்தி. கப்பலில் இது கண்ட கண்ட இடத்தில் அசுத்தம் செய்து, சுத்தப் பிரியர்களான மாலுமிகளின் கோபத்துக்கு ஆளானதாகக் கேள்வி. அண்டார்க்டிகாவில், வர்ஜீனியா அம்மையார் ரேடியோவைக் கவனித்துக்கொண்டிருந்த முகாமில், அட்டையால் கட்டிய குடிசைகள் பனியில் புதைந்து, அங்கும் சுரங்கங்கள் வெட்டவேண்டி வந்தது என்பதைச் சொன்னால், நான் கட்டுக்கதை சொல்கிறேன் என்று வாசகர்கள் எண்ணக்கூடாது. 1980 டிசம்பரில் தென்துருவத்துக்கும் 1982-ல் வடதுருவத்துக்கும் பாத்தியை விமானத்தில் கொண்டுபோனார்கள். இரு துருவங்களிலும் நின்ற முதல் நாய் என்ற கீர்த்தி அதனுடையது. இனி அந்தக் கீர்த்திக்குப் போட்டியும் வராது. வேற்றிடத்துப் பிராணிகளால் சீல்களுக்கு நோய் பரவலாகாது என்று சர்வதேச உடன்படிக்கை செய்து, 1994 ஏப்ரலுக்குள் அண்டார்க்டிகாவிலிருந்து எல்லா நாய்களையும் அப்புறப்படுத்திவிட்டார்கள்.

1982 ஆகஸ்ட் 29-ந் தேதி பெஞ்சமின் பௌரிங் கிரினிச்சுக்குத் திரும்பி வந்தது. அந்தப் பயணத்துக்குப் புரவலராக இருந்தவர் அப்போதைய இளவரசர் சார்லஸ். ஏறக்குறைய ஆறு வாரம் கழித்து, அக்டோபர் 11-ந் தேதி, அதே இளவரசர் சோலென்ட் ஜலசந்தியில், மேரி ரோஸ் அறக்கட்டளையின் தலைவர் என்ற ஹோதாவில், ராட்சச மிதவைப் பாரந்தூக்கி ஒன்று வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பலைத் தாங்கிய இரும்புச் சட்டத்தின் ஒரு மூலை, தூக்கும்போது பெருத்த சத்தத்தோடு நழுவி இறங்கியது. கரையிலும் படகுகளிலும் தொலைக்காட்சி முன்னும் இருந்த ஜனங்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். நல்லவேளையாகக் கப்பலுக்குச் சேதமில்லை. 437 வருஷத்துச் சேற்று நீரை ஒழுக விட்டுக்கொண்டு அந்தக் கரிய விலாப்புறம் மேலே வந்தபோது, உள்ளே ஒன்றுமில்லை. பாரத்தைக் குறைப்பதற்காகத் தடுப்புப் பலகைகளையும் பொருள்களையும் முன்கூட்டியே கழற்றி எடுத்திருந்தார்கள். இழைப்புளியும் பகடைப் பலகையும் தள்ளு கதவும் கரையில் நன்னீர்த் தொட்டிகளில் ஊறிக்கொண்டிருந்தன. தன் கப்பலுக்கு முன்பாகவே நாயும் கரையேறியிருந்தது.

(அடுத்த வாரம்: கப்பலில் போன கிளிகள்)